தறி தெரியாத படம்

பிரயாணத்திற்கு முதல் நாள் இரவு, காமிராவையும் லென்ஸ்களையும் பாயின்மேல் பரப்பி வைத்துக்கொண்டு, எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று நெடுநேரம் யோசித்திருப்பது, இருபது ஆண்டுகளாக எனக்கு ஒரு நியமம் போலவே ஆகிவிட்டது. தொழிலுக்காக அன்றி ஆசைக்காகவே படம் எடுக்கிறவன் நான். இன்னதை எடுத்து வா என்று என்னை ஏவுவார் எவரும் இல்லை. ஆனால், தோளில் தொங்கும் லென்ஸ் எதுவோ அதுவே, மறுநாள் என் கண் எதைத் தேடும், எதைத் தேடாது என்பதைப் பாதிக்குமேல் தீர்மானித்துவிடுகிறது என்ற விஷயம், தாராசுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புலப்பட்டது.

அந்நாளில் என் பிரியத்திற்கு உரியதாயிருந்தது 85 மில்லிமீட்டர் லென்ஸ். அதன் துவாரத்தை 1.8 என்ற அளவுக்கு முழுதும் திறந்து, ஐந்தடித் தொலைவிலுள்ள ஒரு முகத்தின்மேல் குவித்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய இரண்டு விரற்கடைதான். இமைமயிர் ஒவ்வொன்றும் எண்ணத்தக்கதாய் நிற்க, காதுமடலே குழையத் தொடங்கி, அதற்கு அப்பாலுள்ள உலகமெல்லாம் பாலில் கரைத்த வண்ணம்போல் உருகிப் போய்விடும். படக்கலை ரசிகர்கள் இந்தக் குழைவைக் கொண்டாடுவார்கள், நானும் கொண்டாடினேன், அதற்காகவே ஓராண்டுக் காலம் பணம் சேர்த்து அதை வாங்கினேன். சந்தையிலும் திருவிழாவிலும் மின்கம்பியும் விளம்பரத் தட்டியும் கூட்டமும் மறைந்து, ஒரு மனித முகம் மட்டும் இருளிலிருந்து மிதந்து வருவதைக் காணும்போது, அந்த மனிதருக்குப் பெரியதொரு மரியாதையைச் செய்துவிட்டதாகவே எண்ணிக்கொள்வேன்.

தாராசுரத்துக்கு நான் சென்றது, 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலைக் காண்பதற்காக. நாயன்மார் சரித்திரங்களைச் சிறுசிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கும் சுவரருகே காலை முழுதும் முழந்தாளிட்டுக் கிடந்துவிட்டு, வெயில் ஏறியபின் தெருவில் நடந்தபோது, ஒரு வீட்டினுள்ளிருந்து தறியின் ஓசை கேட்டது. குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்து, முதியவர் ஒருவர் பட்டு நெய்துகொண்டிருந்தார். அவருக்குச் சற்றுப் பின்னால் ராட்டையை வைத்துக்கொண்டு அவருடைய மனைவியார் தார் சுற்றிக்கொண்டிருந்தார். அநுமதி கேட்டேன், தலையசைத்தார், எடுத்தேன். கூரையில் பதித்த கண்ணாடி வழியே இறங்கிய ஒளி, அவர் நெற்றியின் ஒவ்வொரு ரேகையையும் தனித்தனியே தொட்டுக் காட்டியது. நான் எடுத்தவற்றுள் அதைவிடச் சிறந்த படம் இல்லை என்றே நம்பினேன்.

எட்டு மாதம் கழித்து, அதைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு எடுத்துச் சென்றேன். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். சற்றுப் பொறுத்து, "தறி எங்கே?" என்று கேட்டார். பிறகு, தம் தோளுக்குப் பின்னால் கலங்கித் தெரிந்த ஒரு நீலத் திட்டின்மேல் விரலை வைத்து, "இது யாரு, இவளா?" என்றார்.

அம்மையார் எட்டிப் பார்த்துவிட்டு, "நான்தான். அன்னிக்கு அந்த நீலப் புடவைதான் கட்டியிருந்தேன்" என்றார்.

குறை சொல்லும் தொனி இருவர் குரலிலும் இல்லை. நான் கொண்டாடிய குழைவுக்குள் கரைந்துபோனது, ஐம்பது வருஷம் அவர் கால் மிதித்த தறியும், அந்தத் தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்த கையும் அல்லவா? அவரிடமிருந்து அவற்றை நீக்கினால் எஞ்சும் முகம் யாருடையது? கிழமுகம் ஒன்று, எந்த ஊரிலும் எடுத்திருக்கக்கூடியது, அதற்காக நான் தாராசுரம் வரை போயிருக்கவே வேண்டாம்.

ஊர் திரும்பியபின் என் தந்தையாரின் படங்களை எடுத்துப் பார்த்தேன். அவருடைய கடைசிப் பத்தாண்டுகளில் நான் எடுத்தவை அநேகம், எல்லாம் முகங்கள், எல்லாம் அழகானவை. ஆனால் இன்று என் மனம் நாடுவது, என் சிறுவயதில் உறவினர் ஒருவர் ஆக்பா கிளிக்-3 காமிராவால் எடுத்த மங்கலான படம் ஒன்றைத்தான். 120 பிலிமில் பன்னிரண்டு படம் விழும் எளிய கருவி அது. குவிப்பதற்குத் திருகும் வளையமே கிடையாது. பத்தடிக்கு அப்பால் உள்ளது எதையும் பாரபட்சமின்றி ஏற்றுக்கொள்ளும். ஆகவே அதில் என் தந்தையார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் துளசி மாடம் இருக்கிறது. கொடியில் அம்மாவின் புடவை காய்கிறது. கிணற்றடியில் வாளி கவிழ்ந்து கிடக்கிறது. அந்த வாளியைக் காணும்போதெல்லாம் ராட்டினத்தின் கிறீச்சொலி என் காதில் விழுகிறது. அப்பாவின் முகமோ அதில் ஒரு பயறளவுதான். இருந்தும் என் அப்பா அதில்தான் முழுமையாக இருக்கிறார்.

லென்ஸின் மீது பழி சுமத்துவது நியாயமாகாது. அது பணித்ததைச் செய்யும் கருவி. பிரியத்தின் பெயரால் ஒருவரை அவருடைய சூழலிலிருந்து கத்தரித்து எடுத்துக்கொள்ளும் பழக்கம் என்னுடையது; காமிரா கையில் இல்லாதபோதும் அது என்னிடம் இருந்திருக்கிறது. நண்பரின் பேச்சை ரசித்திருக்கிறேன். அந்தப் பேச்சுக்கு நடுவே காப்பி கொண்டுவந்து வைத்தவர் முகம் எனக்கு ஞாபகம் இல்லை.

இந்த யோசனையோடுதான் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மறுபடி போனேன். தான் கொடுத்தவை, தன் தமக்கை கொடுத்தவை, தன் பெண்டிர் கொடுத்தவை, மற்றும் கொடுத்தவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் விமானத்தில் கல்லில் வெட்டுக என்று அக்கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன் ஆணையிட்டான். 'மற்றும் கொடுத்தவர்கள்' என்பதை அரசன் மறவாமல் சேர்த்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலப் படையதிகாரி, மெழுகூட்டிய காகித நெகடிவ்களைக்கொண்டு அந்த விமானத்தின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைப் படம் எடுத்தார். ஒரு படத்தில் அடங்கவில்லை என்று அவர் அழகான பகுதி ஒன்றைத் தேர்ந்துகொண்டு போய்விடவில்லை. பகுதி பகுதியாக 21 படங்கள் எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒட்டி இணைத்தார். அந்தச் சிரத்தையை நினைத்துக்கொண்டு கல்வெட்டின் ஓரமாகவே மெதுவாக நடந்தேன். அன்று படம் ஒன்றும் எடுக்கவில்லை.

மூன்றாம் முறை தாராசுரம் சென்றபோது, 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் முக்காலியும் மட்டுமே கொண்டுபோனேன். துவாரத்தை 8-க்குச் சுருக்கினால் தறிமுனை முதல் பின்சுவர் வரை ஓரளவு தெளிவாக விழும். ஆனால் வீட்டினுள் இருக்கும் ஒளிக்கு ஷட்டர் மெல்லத்தான் திறந்து மூடவேண்டும். தறியில் ஓடும் நாடா ஒரு கோடாகத்தான் பதியும். அதற்குச் சம்மதித்தே முக்காலியை நிறுத்தினேன். முதல் படத்தைக் காமிராவின் பின்திரையில் இருவருக்கும் காட்டினேன். பெரியவர் அதை உற்றுப் பார்த்து, பாவு, பண்ணை, மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டைகள், ராட்டை, அம்மையார் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தவர், சுவரில் வந்து நின்றுவிட்டார்.

"நேத்துத் தாளையே கிழிக்கலை, பாரு" என்றார் மனைவியைப் பார்த்து.

அம்மையார் எழுந்து போய் நாட்காட்டியின் தாளைக் கிழித்து, மடித்து ராட்டைக்கு அடியில் செருகிவிட்டு, தம் இடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இப்ப எடுங்க தம்பி" என்றார் பெரியவர்.