பழைய சில்லும் புதிய ரயரும்: பொருத்தம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

கிராண்ட்பாஸ் என்னும் பெயர் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. பெரிய கடவை என்பது அதன் பொருள். களனி கங்கையைக் கடந்து கொழும்புக்கு வருவோர்க்கு அவ்விடம் நெடுங்காலம் நுழைவாயிலாக விளங்கிற்று. 1822இல் படகுகளைப் பிணைத்து அமைக்கப்பெற்ற பாலமும், 1895இல் அதற்குப் பதிலாக எழுந்த விக்டோரியா பாலமும் அக்கடவையின் வரலாற்றைத் தொடர்ந்தன. ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்த சுமைகள் இவ்வழியே புறக்கோட்டையை நாடிச் சென்றமையால், வண்டியும் சில்லும் பாரமும் அப்பகுதியின் வாழ்வோடு ஒன்றாயின. அயலிலுள்ள பஞ்சிகாவத்தையோ வாகன உதிரிப்பாகங்களுக்கு நாடறிந்த இடம். பழையதனோடு புதியதை இணைத்து ஓடச் செய்யும் தொழில் வளர்ந்த அச்சூழலில் எழும் சிறு வினாவொன்று, ஆழ்ந்து நோக்குவார்க்கு அறவியல் வினாவாகவே தோன்றும்.

பழைய லொறியொன்றின் ஒடுங்கிய சில்லில் இக்காலத்து அகன்ற ரயரைப் பூட்டலாமா என்பதே அவ்வினா. இங்கிலாந்தில் 1931 முதல் ஆக்கப்பட்ட பெட்போர்ட் லொறிகள் இலங்கைத் தெருக்களில் பல தசாப்தங்கள் பாரம் சுமந்தன. அத்தகைய லொறியொன்றை எடுத்துக்கொள்வோம். எந்திரம் இயங்குகின்றது, மரத்தாலான உடல் உறுதியாயுள்ளது, சில்லுகளும் பழுதற்றவை. ரயர்கள் மாத்திரம் தேய்ந்துவிட்டன. அதே அளவிலான ரயர் கடையில் எளிதிற் கிடைப்பதில்லை. அகன்ற புதிய ரயர் கிடைக்கின்றது; விட்டம் ஒத்திருக்கின்றது. கைதேர்ந்த தொழிலாளி அதனைச் சில்லில் ஏற்றியும் விடுவார். லொறி ஓடும். எனின், இதில் ஆராய்தற்கு யாதுளது?

ரயரின் இயல்பை அறிந்தால் விடை புலப்படும். பழைய ரயர்களின் இழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்வன. அவற்றின் பக்கச்சுவர் விறைப்பானது. 1946இல் மிஷலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற ரேடியல் ரயரிலோ இழைகள் சில்லின் ஆரை வழியே செல்கின்றன. பக்கச்சுவர் நெகிழ்வது, தரையிற் படியும் பகுதி தட்டையாக நிற்பது. இத்தட்டையே அதன் சிறப்பு. ஆயின் அச்சிறப்பு, தக்க அகலமுள்ள றிம்மை வேண்டி நிற்பது. 235 மில்லிமீற்றர் அகலமுள்ள ரயர் ஏறத்தாழ ஒன்பதேகால் அங்குலம். அதற்கு ஆறு அங்குலத்திற்குக் குறையாத றிம் வழமையாக வேண்டும். நாலரை அங்குல றிம்மில் அதனைப் பூட்டினால் அடிப்பாகம் இறுக்கப்படுகின்றது, பக்கங்கள் பிதுங்குகின்றன, தரையிற் படியும் பகுதி முதுகுபோல் வளைகின்றது. நடுப்பகுதி விரைந்து தேய்கின்றது. வளைவுகளிற் பாரம் தள்ளாடுகின்றது. மிகையாக நெகிழும் பக்கச்சுவர் சூடேறி நலிகின்றது. பின்னச்சில் இரட்டைச் சில்லுகளாயின், அடுத்தடுத்த ரயர்கள் பாரத்தின்கீழ் ஒன்றையொன்று உரசவுங்கூடும். புதிய ரயர் வேண்டும் காற்றழுத்தத்தைத் தாங்குமாறு பழைய றிம் ஆக்கப்படாதிருத்தலும் உண்டு.

மெய்யியலில் இதனை ஒத்த இரு பழைய எடுத்துக்காட்டுகள் உள. ஏதென்ஸ் மக்கள் பேணிய தீசியசின் கப்பலைப் பற்றி புளூட்டாக் கூறுகின்றார்: பழுதுற்ற பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டபின் அது பழைய கப்பல்தானா என்று அறிஞர் வாதிட்டனர். பாளி மொழியில் அமைந்த மிலிந்த பஞ்ஞாவில் நாகசேனர் கிரேக்க மன்னன் மிலிந்தனைத் தேரைக் குறித்து வினவுகின்றார்: அச்சு தேரா, சில்லு தேரா, நுகம் தேரா? இவற்றுள் எதுவும் தேரன்று. இவற்றின் கூட்டத்துக்கு இடப்பட்ட பெயரே தேர் என்ற முடிபு பெறப்படுகின்றது.

இரண்டும் ஒருமைப்பாடு பற்றிய வினாக்கள். பாகம் மாறியபின் பொருள் அதுவேதானா என்பதே அவற்றின் கவலை. ஆயின் இரண்டும் ஓர் உண்மையைச் சொல்லாமலே ஏற்றுக்கொள்கின்றன. புதிய பலகை பழைய பலகையின் இடத்திற் பொருந்திவிட்டது. சில்லு அச்சிற் பொருந்தி நிற்கின்றது. பொருத்தம் அமைந்தபின் பெயரைப் பற்றி வாதிடலாம். ஒடுங்கிய சில்லும் அகன்ற ரயரும் எழுப்பும் வினா அதற்கு முற்பட்டது. பாகங்கள் உண்மையாகப் பொருந்தியுள்ளனவா, அன்றி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு பொருந்தியவைபோல் நடிக்கின்றனவா என்பதே அது. ஓடுகின்றது என்பது பொருந்துகின்றது என்பதற்குச் சான்றாகாது. கெடுதல் நேரும்வரை பொருந்தாததும் ஓடும்.

மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவு மிகுந்தால் அச்சு முறியும் என்ற கருத்தை வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்துள்ளமை ஈண்டுக் கருதத்தக்கது. மயிலிறகு தீயதன்று, மென்மையானது, அழகியது. குற்றம் ஏற்றப்பட்ட பொருளில் இல்லை. தாங்குவதன் வலியை அறியாமையில் உள்ளது. புதிய ரயரும் அவ்வாறே நல்ல பொருள்தான். தனக்குரிய றிம்மில் அது பழையதினும் மேலானது. அந்நன்மையைத் தாங்குமாறு ஆக்கப்படாத சில்லில் ஏறும்போது அதே நன்மை கேடாக மாறுகின்றது.

இனி, இக்கேட்டைச் சுமப்பவர் யார் என்பது நோக்கத்தக்கது. முதலில் அதற்கு உட்படுபவர் ரயரைப் பூட்டும் தொழிலாளியே. பழைய லொறிச் சில்லுகள் பலவற்றில் ரயரைப் பிடித்து நிறுத்துவது தனி இரும்பு வளையம். துருப்பிடித்த அல்லது சரியாக அமராத வளையம் காற்றடிக்கும்போது தெறித்து உயிர் கொல்லும் வேகத்துடன் பாயவல்லது. அடுத்து, சாரதியின் அருகே அமரும் கிளீனர். மூட்டைகளின் மேல் ஏறிவரும் நாட்டாமைகள். தெருவோரம் நடந்து செல்லும் பள்ளிப் பிள்ளை. ரயரைத் தெரிவு செய்தவர் உரிமையாளர். இவர்களுள் எவரும் அத்தெரிவிற் பங்குகொள்ளவில்லை. ஒருவன் தன் பொருளைத் தன் விருப்பப்படி மாற்றலாம் என்ற உரிமை, மாற்றத்தின் விளைவை அறியாதார் தலைமேல் ஏற்றும் உரிமையாக விரிவதில்லை.

தேவை என்ற ஒன்று உண்டே என்று மறுப்புரைக்கலாம். அம்மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1970 முதல் 1977 வரை நாட்டில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி சில ஆண்டுகளின் பின்னரே படிப்படியாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் இறப்பர்க் கன்றுகளை நட்ட நாட்டில், 1960களில் சோவியத் உதவியுடன் களனியிலேயே ரயர்த் தொழிற்சாலை கண்ட நாட்டில், வேண்டிய அளவிலான ரயர் கிடையாமற் போவது விந்தையே. எனினும் அது உண்மை. லொறி நின்றால் அடுப்பு அணையும் குடும்பத்துக்கு அளவு பற்றிய அறவுரை பசியாற்றாது. எனவே அவ்வறியவரைப் பழித்தல் முறையன்று.

ஆயின் தேவை செய்வது ஒன்று. செய்ய இயலாதது மற்றொன்று. அது செய்தவரின் பழியைக் குறைக்கும். இரும்பின் வலியைக் கூட்டாது. சில்லுக்கு வறுமை தெரியாது. பழி குறைந்தமையால் ஆபத்தும் குறைந்துவிட்டதென எண்ணுமிடத்தே தவறு பிறக்கின்றது. தேவையின் பொருட்டு ஒவ்வாததை ஏற்றவருக்கு மேலும் கடமைகள் உள: பாரத்தைக் குறைத்தல், வேகத்தை அடக்குதல், அடிக்கடி சோதித்தல், உடன் செல்வோர்க்கு உண்மையை உரைத்தல், இயன்ற விரைவில் அதனைக் களைதல். இக்கடமைகளை ஏற்பவரது தேவை மெய்யான தேவை. ஏலாதவரிடத்துத் தேவை என்பது சோம்பலுக்கு இட்ட பெயராகிவிடும்.

நேர்மையான வழிகள் இரண்டு. ஒன்று, பழைய சில்லைப் பேணி, அதன் அளவுக்குரிய ஒடுங்கிய ரயரைத் தேடிப் பூட்டுதல். பழைய வாகனங்களுக்கென அவ்வளவுகள் வெளிநாடுகளில் இன்றும் ஆக்கப்படுகின்றன. மற்றொன்று, புதிய ரயரை விரும்பின் சில்லையும் மாற்றுதல். அச்சுக்கும் மறிப்புக்கும் அது ஏற்குமா என ஆராய்ந்து, மாற்றியதை மறையாது ஒப்புக்கொள்ளுதல். முன்னதில் மரபு முழுமையாகின்றது. பின்னதில் மாற்றம் முழுமையாகின்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட பூட்டலோ பழைமையின் தோற்றத்தையும் புதுமையின் பெயரையும் ஒருங்கே விரும்பி, இரண்டின் விலையையும் செலுத்த மறுப்பது.

மரபும் புதுமையும் பற்றிய வாதங்களில் இவ்விடைநிலை பலகாலும் நல்லிணக்கம் எனப் போற்றப்படுகின்றது. இணக்கம் நல்லதே, ஆயின் இரு பக்கத்து அளவையும் அறிந்து செய்வதே இணக்கமாகும். அளவறியாது நெருக்கிப் பூட்டியது, சமதரையில் இணக்கம்போல் தோன்றி, பாரமேறிய வளைவில் தன் உண்மையைக் காட்டும். அவ்வளைவில் நிற்பவர் அதனைப் பூட்டியவராக இருப்பது அரிது. அளவறிதலை அறமென்று கொள்ளவேண்டியது அதனாலேயாகும்.