படகுறையும் திரோதானமும்

இறைவனுடைய ஐந்தொழில்களுள் படைத்தலையும் காத்தலையும் அழித்தலையும் அருளலையும் ஒருவாறு ஒப்புக்கொள்ளும் மனம், மறைத்தலை எண்ணும்போது மட்டும் திகைக்கிறது. கருணையே வடிவானவன் தன்னை உயிர்களுக்கு ஏன் ஒளிக்க வேண்டும்? பேரூர்க் கனகசபையில் நின்று, நடராஜப் பெருமானின் ஊன்றிய திருவடி மறைத்தலாகிய திரோபாவத்தையும் தூக்கிய திருவடி அருளலாகிய அனுக்கிரகத்தையும் குறிக்கும் என்று பெரியோர் சொல்லியதை நினைக்குந்தோறும் இந்த வினா என்னுள் எழுவதுண்டு.

அவ்வினாவுக்கு ஒரு விடை துணிக்கடையில் கிடைத்தது. சிறு படகொன்று வைத்திருக்கும் நண்பருக்காக, அதற்கு உறை தைக்கத் துணி பார்க்கக் கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடைக்குச் சென்றிருந்தோம். ஒரு சொட்டு நீரையும் உள்ளே விடாத ரெக்ஸினே உத்தமம் என்பது நண்பரின் எண்ணம். கடைக்காரர், “அதுல காத்துப் போகாதுங்க, உள்ளயே வேர்த்து ஊத்துமுங்க” என்றார். வெளிநீரைத் தடுக்கும் அந்த உறையே உள்நீரையும் சிறைப்படுத்துகிறது. பகல் வெப்பத்தில் படகின் அடியிலிருந்து எழும் ஈரம், இரவின் குளிர்ச்சியில் உறையின் உட்புறத்தில் துளித்துளியாய்க் கோத்து மீண்டும் சொட்ட, இருக்கையில் பூசணம் பிடித்து மரமும் உளுத்துப்போகிறது. அவர் எடுத்துக் கொடுத்த பருத்திக் கித்தானை நண்பர் வாயருகே வைத்து ஊத, மறுபுறம் விரித்த என் உள்ளங்கையில் அம்மூச்சு மெல்லப் பட்டது. நனைந்ததும் இழைகள் உப்பிக் கண்களை அடைத்துக்கொள்ளும், உலர்ந்ததும் திறந்துகொள்ளும். ஆயினும் ஈரத்தோடு மடித்துவைத்தால் பருத்தியும் மக்கும்; நைலானோ வெயிலில் வலுவிழக்கும். ஆகையால், நூலாகுமுன்பே சாயமேற்றப்பட்டு, வெயிலைத் தாங்கி, ஆவியையும் வெளிவிடும் அக்ரிலிக் துணியையே நண்பர் வாங்கினார்.

சைவ சித்தாந்தம் செய்யும் நுட்பமான பாகுபாடு அங்கேதான் எனக்குத் துலங்கிற்று. ரெக்ஸினைப்போல் உயிரின் அறிவை அநாதியே மறைத்து நிற்கும் ஆணவ மலத்தால் அவ்வுயிருக்கு யாதொரு நன்மையும் இல்லை. ஆவியை வெளிவிடும் துணியைப்போல் மறைக்கும் சிவசக்தியாகிய திரோதானமோ, அம்மலத்தையே தொழிற்படுத்தி, உயிர் உலகை மெய்யென நம்பித் தன் வினைப்பயனை நுகர்ந்து தீர்க்கச் செய்து, மலம் பக்குவப்படும் மலபரிபாகம் வந்த காலத்தில் தானே அருட்சக்தியாய் நின்று உயிரில் பதிகின்றது. மலத்தோடு நின்று அதைப் பக்குவப்படுத்துவதால் இதனையும் மலமென்பர் என்று 14-ஆம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியார் சிவப்பிரகாசத்தில் விளக்குகிறார். அப்பெயர் உபசாரமேயன்றி, அதன் இயல்பு கருணையே. அவர் வாழ்ந்த தில்லையிலும் சிதம்பர ரகசியத்தை மறைத்திருப்பது சுவரன்று, உரிய வேளையில் விலகும் திரைச்சீலையே.

இவ்வளவும் சொல்லிய பின்னும், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் முன் நின்று, “இந்த மறைப்பும் அருளே, அம்மா” என்று கூற எனக்கு நா எழாது. என் துன்பத்தை நானே நோக்குங்கால் இக்கொள்கை எனக்குப் பெருந்துணையாகிறது. அவள் துன்பத்தை அதனால் அளக்க எனக்கு அதிகாரமில்லை என்றே நினைக்கிறேன்.