சினை ஊசியும் சீர்வரிசையும்

இன்று காலை நீங்கள் குடித்த காபியில் இருந்த பால் எந்தப் பசுவினுடையதோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பசு, காளையின் முகத்தையே பார்க்காமல் கன்று போட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கிராமத்தில் கேட்டால் 'சினை ஊசி போட்டாச்சு' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இயற்கைக்கு விரோதம் என்று யாரும் கொடி பிடிப்பதில்லை. நமக்குப் பால் வேண்டும், அவ்வளவுதான்.

இதே ஊசியைப் பந்தயக் குதிரைக்குப் போடக் கூடாது, தெரியுமோ?

தரோபிரெட் என்கிற உயர்ஜாதிப் பந்தயக் குதிரைக்கு இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா எங்கே போனாலும் சினை ஊசிக்குத் தடை. ஆணும் பெண்ணும் நேரில் சேர்ந்து பிறந்த குட்டிக்குத்தான் வம்சாவளிப் புத்தகத்தில் இடம். இங்கிலாந்தில் 1791-ல் ஆரம்பித்த புத்தகம் இது. பெயர் ஏறவில்லையென்றால் எத்தனை வேகமாக ஓடினாலும் தரோபிரெட் பந்தயத்தில் இடமில்லை. தடை தாண்டும் போட்டிக் குதிரைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவற்றின் விந்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைந்து விமானத்தில் பறக்கிறது.

ஏன் இந்த ஓரவஞ்சனை? கேட்டால், 'இயற்கை, பாரம்பரியம்' என்பார்கள்.

அந்த இயற்கையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பெட்டைக் குதிரை உதைத்தால் கோடிக்கணக்கில் நஷ்டம் என்பதால் அதன் பின்னங்கால் குளம்புகளுக்கு மெத்தென்று பூட்ஸ். முரண்டு பிடித்தால் மேலுதட்டில் கயிற்றுச் சுருக்கு. சுற்றிலும் நாலைந்து ஆட்கள். அதற்கும் முன்னால் வருகிறவன்தான் 'டீசர்'. நாம் சினிமாவுக்குப் பார்க்கும் டீசர் இல்லை. விலை குறைந்த ஓர் ஆண் குதிரை. பெட்டை தயாரா என்று பார்க்க, தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் இவனை நிறுத்துவார்கள். அவள் உதைத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியவன் இவன். அவள் சம்மதித்தால்? இவனை இழுத்துக்கொண்டு போய்விட்டு ராஜாவைக் கூட்டி வருவார்கள். ராஜாவுக்கும் ஓய்வில்லை. வடக்கே சீசன் முடிந்ததும் பல பொலிகுதிரைகள் விமானம் ஏறி ஆஸ்திரேலியா போய், அங்கே இன்னொரு சீசன்.

இதற்குப் பெயர்தான் இயற்கை!

நிஜக் காரணம் விலை. நார்தர்ன் டான்சர் என்ற குதிரைக்கு 1980-களில் ஒரு தடவைக்குப் பத்து லட்சம் டாலர் வரை கேட்டார்கள். ஊசியை அனுமதித்தால் ஒரே குதிரை ஆயிரக்கணக்கில் குட்டி போடும். சந்தையில் தக்காளி குவிந்தால் என்ன ஆகும்? அதேதான் ஆகும். ப்ரூஸ் மெக்ஹ்யூ என்பவர் ஆஸ்திரேலியாவில், இந்தத் தடை வியாபாரத்தை முடக்குகிறது என்று வழக்குப் போட்டார். 2012 டிசம்பரில் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். 'நோக்கம் பணமாகவே இருக்கட்டும் சார், விளைவு நல்லதுதானே?'

நியாயமான கேள்வி. பசு விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவில் 1962-ல் பிறந்த 'சீஃப்' என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு ஊசி மூலம் 16,000 மகள்கள், 5 லட்சம் பேத்திகள். பால் பெருகியது. கூடவே ஒரு குறையுள்ள மரபணுவும் பரவியது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது வந்தால் கரு தங்காது. இப்படி உலகம் முழுக்க சுமார் 5 லட்சம் கருக்கள் கலைந்திருக்கும் என்று விஞ்ஞானிகள் பின்னாளில் கணக்குப் போட்டார்கள். அந்த ஆபத்தைக் குதிரைக்கு வராமல் ஓரளவாவது தடுப்பது இந்தத் தடைதான். பேராசை தெரியாமல் செய்த புண்ணியம் என்று வைத்துக்கொள்ளலாமே?

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், 2022 வரை.

ஊசி இல்லாமலேயே சில குதிரைகள் வருஷத்துக்கு 200 பெட்டைகளுக்கு மேல் சேர்ந்துகொண்டிருந்தன. ரத்தம் ஒரே வம்சத்தில் குறுகிவிடும் என்று பயந்து, அமெரிக்காவின் ஜாக்கி கிளப் 2020-ல் ஒரு விதி கொண்டுவந்தது. அந்த வருஷமும் அதற்குப் பிறகும் பிறக்கும் ஆண் குதிரைக்கு வருஷத்துக்கு 140 பெட்டைதான். உடனே பெரிய பண்ணைகள் சில கோர்ட்டுக்குப் போயின. கென்டக்கி அரசியல்வாதிகளும் எதிர்த்தார்கள். 2022 பிப்ரவரியில் விதி வாபஸ்.

கவனியுங்கள். ஊசி வேண்டாம் என்றபோது இயற்கை லாபத்தின் பக்கம் நின்றது, அதனால் புனிதம். 140 என்றபோது அதே இயற்கை லாபத்துக்குக் குறுக்கே நின்றது, தள்ளிவிட்டார்கள். ஆக, நோக்கம் முக்கியமில்லை என்று சொல்ல முடியவில்லை. விலைக்காகக் காப்பாற்றிய நல்லது, விலை மாறுகிற அன்றைக்குக் கைவிடப்படும். விளைவின் ஆயுசு நோக்கத்தின் கையில் இருக்கிறது.

இது குதிரைக்காரர்கள் கதை மட்டும்தானா? எனக்குத் தெரிந்த ஒரு கல்யாணப் பேச்சில் பையன் வீட்டுப் பெரியவர், 'சீர் செய்யறது எங்க பரம்பரை வழக்கம், அதை மட்டும் மாத்த முடியாதுங்க' என்றார். பெண்ணின் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: 'உங்க பக்கம் கல்யாணச் செலவு முழுக்க மாப்பிள்ளை வீடுதான்னு கேள்விப்பட்டேனே?'

பெரியவர் சிரித்தார். 'அதெல்லாம் அந்தக் காலம்!'

அடுத்த முறை யாராவது உங்களிடம் வழக்கம், இயற்கை, பாரம்பரியம் என்று ஆரம்பித்தால் சண்டை போடாதீர்கள். அந்த வழக்கத்தால் சொல்கிறவருக்கே செலவு வந்த அன்று அவர் என்ன செய்தார் என்று மட்டும் விசாரியுங்கள்.

நாமே அந்த வார்த்தைகளைச் சொல்லும்போதும் ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம். பலகைக்கு அந்தப் பக்கம் உதை வாங்குவது யார் என்று.