கடனை அடைப்பவர் யார்?

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதில் இரு கருத்துக்கு இடமில்லை. காதில் கிடப்பதை அடகு வைத்தாவது சீட்டுப் பணத்தைக் கட்டி நாணயத்தைக் காப்பாற்றும் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைக் குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நாட்டின் கடன் என்று வரும்போது வேறொரு கேள்வி எழுகிறது. வாங்கியவர் ஒருவர், அடைப்பவர் இன்னொருவர் என்றால் அது நீதியாகுமா?

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. தேயிலை, ஆடை, உல்லாசப் பயணிகள், வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம் ஆகியவற்றால் வரும் டொலரைக் கொண்டே எரிபொருளும் மருந்தும் கோதுமையும் வாங்கும் சிறு தீவு இது. அந்த டொலர் தீர்ந்தபோது எரிவாயு வரிசையில் நின்றவர் யார் என்பதை வாசகர்கள் அறிவீர்கள்.

இந்நிலை வானத்திலிருந்து விழவில்லை. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. அரச வருமானம் சரிந்தது. கொரோனாத் தொற்று உல்லாசப் பயணத்தை முடக்கியது. 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட, விளைச்சல் வீழ்ந்தது. முன்னாள் ஆட்சியாளர் சிலரும் உயர் அதிகாரிகள் சிலரும் மக்கள் தம்மீது வைத்த நம்பிக்கையை மீறினர் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனிச் சுமந்தவர்களைப் பார்ப்போம். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் விட்டுவைக்கப்பட்டன. ஊழியர் சேமலாப நிதியின் முறிகளோ மாற்றப்பட்டன: 2025 வரை 12 வீத வட்டி, அதன்பின் 9 வீதம். வங்கிகள் ஆட்டங்கண்டால் வைப்பாளரும் வீழ்வர் என்ற வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆயினும் அந்த நிதி யாருடையது? தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் பெண்ணுடையது, கடைச் சிப்பந்தியுடையது, தோட்டத்தில் கொழுந்து பறிப்பவளுடையது. இவர்களைக் கேட்டா கடன் வாங்கினார்கள்? பெறுமதி சேர் வரியும் 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. சவர்க்காரக் கட்டி ஒன்றுக்குச் செல்வந்தரும் ஏழையும் ஒரே வரியையே கொடுக்கின்றனர். சமமாகச் சுமத்துவது வேறு. நீதியாகச் சுமத்துவது வேறு.

திருப்பிச் செலுத்த இயலாத நாடுகளின் கடனை மன்னிக்குமாறு, 2025 யூபிலி ஆண்டை அறிவித்த மடலில் பாப்பரசர் பிரான்சிஸ் செல்வந்த நாடுகளைக் கேட்டார். இருப்பவர் இல்லாதவரின் சுமையைக் குறைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். இது நாடுகளுக்கு மட்டுமா? ஒரே நாட்டுக்குள்ளும் இருப்பவர் உண்டு, இல்லாதவர் உண்டு.

வாசகரே, உங்களுள் கடை வைத்திருப்போர் உண்டு. தொழில் நடத்துவோர் உண்டு. ஊழியரின் சேமலாப நிதிக்கு நீங்கள் செலுத்தவேண்டிய 12 வீதத்தைத் தவறாது கட்டுகிறீர்களா? வருமானத்தை உள்ளபடி காட்டுகிறீர்களா? ஆட்சியாளரைக் குறைகூறுவது எளிது. ஆனால் நாம் கட்டாமல் விட்ட வரி மறைந்துபோவதில்லை. அது இன்னொரு வீட்டின் சவர்க்காரக் கட்டியின் விலையில் போய்ச் சேர்கிறது.