எந்தப் பக்கம் எழுவர்?

நவம்பர் இரண்டாம் நாள் மாலையில் புதுவையின் கல்லறைத் தோட்டங்கள் ஒளி வெள்ளத்தில் மிதக்கும். மாண்டாரை நினைந்து மெழுகுவத்தி ஏற்றுவர்; சாமந்தியும் சம்பங்கியும் சார்த்துவர்; ஒழுகும் மெழுகை உருட்டிப் பிள்ளைகள் விளையாடுவர். மறுமை என்ற ஒன்று உண்டென நாம் நம்புவதில்லை. ஆயினும் அக்காட்சியைக் கண்டு எள்ளி நகையாட நமக்கு மனம் வருவதில்லை. தாயின் கல்லறையைத் துடைத்துக்கொண்டிருக்கும் மகளிடம் சென்று, “அம்மா, உன் தாய் எழமாட்டாள்” என்று வாதம் புரிகின்றவன் பகுத்தறிவாளனல்லன், பண்பற்றவன்.

மாண்டவர் எழுவரோ என்பதன்று நம் வினா. எழுந்துவிட்டதாகக் கூறிக்கொண்டு நம்மிடையே நடமாடுகின்றவர்களைப் பற்றியதே நம் வினா. கிறித்தவம் உயிர்ப்பைப் பற்றி இரு செய்திகளைச் சொல்கிறது. உலக முடிவில் மாண்டோர் உடலோடு எழுவர், அழியும் உடல் அழியா உடலாக மாறும் என்பது ஒன்று. அந்த மாற்றம் இப்போதே தொடங்கிவிட்டது, திருமுழுக்குப் பெற்றவன் பழைய மனிதனாக நீரில் மூழ்கிப் புதிய மனிதனாக எழுகிறான் என்பது மற்றொன்று. முதற் செய்தியைச் சோதித்தறிய வழியில்லை. காலம் முடியட்டும், காண்பீர் என்பர்; காலமோ முடிகிற பாடாயில்லை! இரண்டாவது அத்தகையதன்று. மனிதன் மாறினான் என்றால் அம்மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். எழுந்தவன் எங்கே அமர்கிறான்? யாரோடு உண்கிறான்? யாருக்குப் பெண் கொடுக்கிறான்? எங்கே புதைக்கப்படுகிறான்? இவற்றை அறிய வானத்தை நோக்க வேண்டியதில்லை, தெருவில் நடந்தால் போதும்.

இவ்விரு செய்திகளையும் விரித்துரைத்த பேராசான் பவுல். சின்னப்பர் என்று நம் நாட்டுக் கத்தோலிக்கர் அவரை அழகு தமிழில் அழைத்தனர். கொரிந்து நகரில் உயிர்ப்பை மறுத்தோர் சிலர் இருந்தனர். அவர்களுக்கு மறுமொழியாகக் கி.பி. 50-களில் எழுதிய மடலில் அவர் விதையை உவமை காட்டினார். மண்ணில் புதைவது ஒன்று, முளைத்து வருவது வேறொன்று என்பது கருத்து. (செத்த விதை முளைக்காது என்பது நம்மிடம் படிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். போகட்டும், உவமையில் தாவரவியல் தேடுவது பெருந்தன்மையாகாது.) அதே பவுல் கலாத்தியருக்கு வரைந்த மடலில், திருமுழுக்குப் பெற்றோரிடையே யூதர் கிரேக்கர், அடிமை ஆண்டான், ஆண் பெண் என்னும் பிரிவுகளுக்கு இடமில்லை என்ற பொருள்பட எழுதினார். நம் மிஷன் வீதியில் நிற்கும் ஜென்மராக்கினி மாதா பேராலயத்தை ஊரார் இன்றும் சம்பா கோவில் என்கிறார்களே, அந்தப் பெயரே பவுலின் பெயர் ஐரோப்பியர் நாவிலிருந்து நம் நாவுக்கு வந்து திரிந்தது என்பர். பிரிவுக்கு இடமில்லை என்று பேசியவரின் பெயர் ஊர் நடுவே நிற்கிறது. பிரிவு அகன்றதா?

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுவோம். துய்ப்ளேக்சின் துபாசியாக விளங்கிய அவர் கிறித்தவரல்லர், சீர்திருத்தக்காரருமல்லர். கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்தவர். 1745 அக்டோபரில் அவர் எழுதிவைத்த செய்தி இது. புதுவைக் கோவிலுக்குள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சேரி மக்கள் தொழுவர். மறுபக்கம் சாதிக் கிறித்தவரும், வெள்ளையரும், கலப்பினத்தாரும் தொழுவர். சேரி மக்கள் திரண்டு மூத்த குருவிடம் சென்றனர். நாங்களும் உம் சீடரென்றால் எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே சுவர் எதற்கு என்று முறையிட்டனர். குருவால் மறுக்க முடியவில்லை. சுவர் இடிக்கப்பட்டது! சாதிக் கிறித்தவரிடையே கொந்தளிப்பு எழுந்தது, கூட்டம் கூடினர், விவகாரம் ஆளுநர் வரை சென்றது.

தோழர்களே, அந்தச் சேரி மக்களை எண்ணிப் பாருங்கள். பிரெஞ்சுப் புரட்சி வெடிக்க இன்னும் 44 ஆண்டுகள் இருந்தன. சமத்துவம் என்ற சொல்லை அவர்களுக்குக் கற்பிக்க எந்தக் கழகமும் இல்லை. அவர்கள் கையிலிருந்த கருவி ஒன்றே ஒன்று: நாம் ஏற்காத அந்தப் போதனை. எல்லோரும் ஒரே நீரில் மூழ்கி ஒரே வாழ்வுக்கு எழுந்தோம் என்று குருமார் சொன்னதை அவர்கள் சொல்லாகவே எடுத்துக்கொண்டார்கள். சொன்னவர் எண்ணியிராத அளவுக்கு எடுத்துக்கொண்டார்கள். மதம் என்றாலே மயக்க மருந்து என்று மேடையில் முழங்கும்போதெல்லாம் நமக்கு இந்த மக்கள் நினைவுக்கு வந்து இடறுகிறார்கள். இடறட்டும். உண்மை இடறினால் ஒதுங்கிப் போகக் கூடாது.

சரி, அந்தச் சுவர் எப்படி வந்தது? செங்கல்லால் எழும்புமுன் அது ஒரு வாதத்தால் எழும்பியது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தார், தமிழ் கற்றார், பூணூலும் குடுமியும் சமயச் சின்னங்களல்ல, சமூக வழக்கங்களே என்று வாதிட்டார். 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி அதற்கு இசைவளித்தார். தமிழுக்கு அவர் ஆற்றிய தொண்டை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாதம் நாளடைவில் எங்கே கொண்டுபோய் விட்டது? சாவுப் படுக்கையில் கிடக்கும் தாழ்த்தப்பட்டவனுக்கு இறுதித் திருவருட்சாதனம் வழங்க அவன் குடிலுக்குள் நுழைவதற்கும் குருமார் தயங்கும் நிலையில் கொண்டுபோய் விட்டது. 1703 நவம்பரில் புதுவைக்கு வந்த போப்பின் தூதர் தெ தூர்னோன், மறு ஆண்டு இங்கிருந்தே பிறப்பித்த ஆணையில் அத்தயக்கத்தைக் கண்டித்தார். இயேசு சபையார் இணங்கவில்லை. ஓலைகள் உரோமைக்கும் புதுவைக்குமாகக் கடல் கடந்துகொண்டே இருந்தன. 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் வழக்கை முடித்துவைத்தார். எப்படி முடிந்தது தெரியுமா? தாழ்த்தப்பட்டோர்க்கெனத் தனிக் குருமாரை வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டோடு! குடிலுக்குள் நுழையாத குருவுக்கும் கேடில்லை. நுழையும் குருவும் கிடைத்தார்.

சாதி சமயமன்று, ஆகையால் சமயம் அதைத் தொட வேண்டியதில்லை என்பதே அந்த வாதத்தின் சாரம். சற்றே நின்று வினவுவோம். சாதி ஆடையைப் போன்ற வெளிவழக்கம்தான் என்றால், ஆடையைக் களைவது எளிதாயிற்றே, ஏன் களையவில்லை? அன்று, அது களைய முடியாத அளவுக்கு ஆளோடு ஒட்டியது என்றால், ஆளையே மாற்றுவதாகச் சொல்லும் திருமுழுக்கு எதைத்தான் மாற்றிற்று?

ஐந்தாம் நூற்றாண்டின் அறிஞர் அகுஸ்தீன் தம் ‘கடவுளின் நகரம்’ என்ற நூலின் கடைசிப் பகுதியில், எழும் உடல் எப்படியிருக்கும் என்று ஆராய்கிறார். குழந்தையாய் இறந்தவர் எந்த வயதில் எழுவர்? வெட்டிய முடியும் நகமும் திரும்புமா? பெண் பெண்ணாகவே எழுவாளா? குறைகள் நீங்கும், ஆனால் கொள்கைக்காக மாண்டோரின் தழும்புகள் அழகாக நிலைத்திருக்கலாம் என்றெல்லாம் எழுதிச் செல்கிறார். அந்த நீண்ட பட்டியலில் சாதி இல்லை. பாவம், அவருக்குத் தெரியாது! இங்கு வந்திருந்தால் இன்னோர் அதிகாரம் எழுத வேண்டியிருந்திருக்கும்.

எழுத வேண்டிய இடங்களையும் காட்டியிருப்போம். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் இரு கால்களாகப் பிரிந்து பீடத்தில் சேரும் கோவில் ஒன்றைக் கட்டினார்கள். ஒரு காலில் வேளாளர், மறுகாலில் நாடார். 1910-இல் அங்கிருந்த குரு கோசானல் நடுச்சுவரை இடித்தார். பிரிந்திருக்கும் உரிமை கேட்டு வேளாளர் சிலர் வழக்காடினர். சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திலோ பிணங்களுக்கு நடுவே சுவர்! 2010-இல் சாதி ஒழிப்புத் தோழர்கள் அதை இடிக்கச் சென்றார்கள். தொலைவில் ஏன் தேட வேண்டும்? நம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட ஊர், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள எறையூர். அங்கே தலித் கிறித்தவருக்குப் பிணவண்டியும் தனி, கல்லறையும் தனி. கோவிலுக்குச் செல்லும் முதன்மைத் தெரு வழியே அவர்கள் பிணம் போகக் கூடாது. தனிப் பங்கு வேண்டுமென்று அவர்கள் கேட்டதைத் தொடர்ந்து 2008 மார்ச்சு 9-ஆம் நாள் கலவரம் மூண்டது. காவல்துறை சுட்டதில் வன்னியக் கிறித்தவர் இருவர் மாண்டனர். மாண்ட அந்த இருவருக்காகவும் நாம் வருந்துகிறோம். தெருவில் ஒரு பிணம் போவதைத் தடுக்க இரண்டு பிணங்கள் விழ வேண்டியிருந்ததே!

திருச்சபைக்குள்ளேயே இதை எதிர்த்துக் குரல் கொடுக்கும் குருமாரும் துறவியரும் இருக்கின்றனர் என்பதை நாம் மறைக்கவில்லை. சபைக்குள் சாதி வேற்றுமை இருப்பதை 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ள 1745-இலிருந்து 271 ஆண்டுகள்!

இனி, கதையின் மறுபக்கம். திருச்சபை நம்பத் தயங்கிய மாற்றத்தை முழுமனத்தோடு நம்புகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர்தாம் நம் மதச்சார்பற்ற அரசு! 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகார் என்றது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முசுலீம்களும் வெளியே நிற்கின்றனர். சென்னை நடைபாதையில் செருப்புத் தைத்த கிறித்தவர் ஒருவர், தம் தொழிலைச் செய்யும் இந்துக்களுக்கு அரசு தந்த பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டது என்று வழக்கிட்டார். மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதை மெய்ப்பிக்கவில்லை என்று 1985-இல் உச்சநீதிமன்றம் அவரை அனுப்பிவைத்தது. 2024 நவம்பர் 26-இல் அதே மன்றத்தில் முடிந்த வழக்கு நம் புதுவை வழக்கு. எழுத்தர் வேலைக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார் ஒரு பெண். நீ குழந்தையிலேயே திருமுழுக்குப் பெற்றவள், கோவிலுக்குச் செல்கிறவள், சலுகைக்காக மட்டும் இந்து என்பது அரசமைப்பின் மீது செய்யும் மோசடி என்று கூறி மன்றம் மறுத்துவிட்டது. சட்டத்தின் சொற்படி அது சரியாகவே இருக்கலாம். சட்டம் எதை நம்புகிறது என்பதே நம் வியப்பு. நெற்றியில் ஊற்றிய ஒரு கை நீர் ஈராயிரம் ஆண்டு இழிவைக் கழுவிவிட்டது என்று அது நம்புகிறது! பவுலே இவ்வளவு உறுதியாக நம்பியிருப்பாரா?

சாதி சமயமன்று, ஆகையால் நீர் அதைத் தொடாது என்றது பழைய வாதம்; சுவர் எழுந்தது. சாதி சமயமே, ஆகையால் நீர் அதை அழித்துவிட்டது என்கிறது புதிய சட்டம், சான்றிதழ் மறுக்கப்படுகிறது. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியாது. ஆனால் இரண்டும் ஒரே மனிதன் தலையில்தான் விழுகின்றன.

அந்த மனிதனின் மகனொருவன் நம் வகுப்பில் இருக்கிறான். உதவித்தொகைப் படிவத்தை நிரப்பும்போது எழுந்து வந்து மெல்லக் கேட்டான்: “ஐயா, எங்க தெருவுல எங்களை ஒரு பேரு சொல்றாங்க. இந்தத் தாள்ல அந்தப் பேரு இல்லேங்கறாங்க. நான் எதை எழுதட்டும்?” இளங்கலை பயின்ற நமக்கு அதற்கு விடை கூறத் தெரியவில்லை. வீட்டில் பெரியவர்களைக் கேட்டு வா என்றோம். அவன் தலையசைத்துவிட்டுப் போனான். அன்று பாடம் நடத்தியது நமக்கே பிடிக்கவில்லை.

அவன் போன பிறகு வேறொன்று உறைத்தது. புதுப் பிறப்பெடுத்தோம் என்று சொல்லிக்கொள்வோர் கிறித்தவர் மட்டுமல்லரே! 1929-இல் செங்கற்பட்டு மாநாட்டில் பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதி வாலை வெட்டியெறியத் தீர்மானித்த மரபு நம்முடையது. வெட்டினோம், பெருமையோடு வெட்டினோம். நம் பெயரைப் படித்து நம் சாதியை யாரும் அறிய முடியாது. ஆனால் நம் தோழர்களின் திருமண அழைப்பிதழ்களை எடுத்து வையுங்கள். ஐயர் இல்லை, தாலி சில இடங்களில் இல்லை, மேடையில் தலைவர் படமுண்டு, வாழ்த்துரையில் வள்ளுவருண்டு. மணமகள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள்? வால் போயிற்று; வால் முளைத்த இடம் அப்படியே இருக்கிறது. பவுலின் மாணாக்கரைக் கேட்ட கேள்வியைப் பெரியாரின் மாணாக்கரிடம் கேட்காமல் விடுவது எந்த ஊர் நியாயம்?

நமக்கும் வீட்டில் பெண் பார்க்கிறார்கள். தரகர் கொடுத்த ஏழு சாதகங்கள் அலமாரியில் இருக்கின்றன. சாதகம் பார்க்கக் கூடாது என்று அம்மாவிடம் சண்டையிட்டு வென்றோம். ஏழும் ஒரே சாதி என்பதைப் பற்றி இதுவரை ஒரு சொல்லும் பேசவில்லை. வரும் ஞாயிறன்று விழுப்புரத்துக்குப் புறப்பட வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். வரமாட்டோம் என்பதையும், ஏன் என்பதையும், இன்றிரவு சாப்பாட்டுக்கு முன் அவரிடம் சொல்லியாக வேண்டும்.