ஸ்படிகத்துள் ஷண்முகன்

ஷண்முகா! சரவணபவா! எங்கெங்கெல்லாம் ஒளிந்திருக்கிறாய், யார் யார் கையாலெல்லாம் வெளிப்படுகிறாய்!

கிருத்திகை மாலை. மானர் பார்க் சர்ச் ரோடு சந்நிதியில் பாலும் தேனும் பன்னீரும் பிரவாகமாய் வழிந்தோட, வேலேந்திய திவ்யத் திருமேனி கற்பூர ஜோதியில் தகதகக்க, பிரசாதமாய் உள்ளங்கையில் விழுந்த கற்கண்டின் பட்டைகளில் தீபச்சுடர் ஒன்று பலவாகிச் சிதறியது. அவ்வளவுதான்! ஃபாரஸ்ட் கேட் வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் படிகங்களின் உள்ளமைப்பை ஆராய்ந்த விஞ்ஞானி கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையாரை நினைந்து நெக்குருகிப் போனேன்.

பக்கத்து ஊர்க்காரர் அல்லவா! அயர்லாந்தில் 1903-இல் பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்து, ஐந்து வயதில் செவன் கிங்ஸுக்கு வந்து வளர்ந்தவர். எங்கள் ஃபாரஸ்ட் கேட்டைத் தொட்டோடும் அதே ரயில் பாதையில், இல்ஃபோர்டுக்கு அடுத்த நிலையம் அது. 1922-இல் வில்லியம் ஹென்றி பிராக் என்னும் மேதை அவரைத் தம் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தார். அழைத்தவர் பிராக்கா? ஐயனே, நீயல்லவா!

கண்ணுக்குப் புலனாகாத எக்ஸ் கதிரைப் படிகத்துள் செலுத்துவார்கள். உள்ளே அணிவகுத்த அணுக்களில் பட்டுச் சிதறி, ஒளிப்படத் தகட்டில் அது கரும்புள்ளிகளாய்ப் படியும். ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் கருமையையும் அளந்து, கையாலேயே கணக்கிட்டுக் கணக்கிட்டு, சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்னும் நுண்மையில் அணுக்களின் நிலையை மீட்டெடுக்க வேண்டும். புள்ளியிலிருந்து கோலம்! என்ன தவம் அது! பென்சீன் வளையம் வைரத்தின் வளையங்களைப் போல் மடிந்திருக்கும் என்று குருநாதரே எண்ணியிருந்தார். 1929-இல், லீட்ஸ் நகரில், ஹெக்ஸாமெத்தில்பென்சீன் படிகத்தைத் துருவிய அம்மையாருக்கோ வேறொரு தரிசனம் கிட்டியது. ஒரே தளத்தில், சமமாய், கைகோத்த கார்பன் அணுக்கள். எத்தனை? ஆறு! அறுகோணச் சக்கரத்தில் அமர்ந்தருளும் சுந்தரா, அந்த அந்தரங்க ஆசனத்தை அவருக்கல்லவா காட்டினாய்!

வத்திராயிருப்பில் பிறந்த நம் இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணனையும் அவரோடு சேர்த்துவைத்தாயே! படிகங்களின் காந்தப் பண்பை மூலக்கூறுகளின் வடிவத்தோடு இணைத்து, 1936-இல் இருவரும் ஒரே ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். என் தென்பாண்டிச் சீமையும் இந்தக் கிழக்கு லண்டனும் ஒரு தாளில் கைகுலுக்கின.

குவேக்கர் நெறியில் மௌனத்தில் அமர்ந்து வழிபட்டவர் அம்மையார். அருணகிரிக்கு நீ அருளிய மௌனமும் அதுவே. போர்க்காலத்தில் குடிமைப் பாதுகாப்புப் பணிக்குப் பெயர் பதிய மறுத்தார். பதிந்திருந்தால், சிறு பிள்ளைகளின் தாய் என்று விலக்கு அளித்திருப்பார்கள்! இரண்டு பவுன் அபராதத்தையும் கட்ட மறுத்து, 1943-இல் ஹாலோவே சிறையில் ஒரு மாதம் இருந்தார். அகிம்சையே உருவான தாயே! இரண்டே ஆண்டுகளில் ராயல் சொசைட்டி தன் முதல் பெண் உறுப்பினர் இருவரில் ஒருவராக அவரை ஏற்றது. பட்டங்கள் பிறகும் வந்தன. எனக்கோ அந்தச் சிறைக்கதவே கோபுர வாசலாய்த் தெரிகிறது. நான் எங்கே, என் சின்னஞ்சிறு பயங்கள் எங்கே! கரைந்தேன், ஐயனே, கரைந்தேன்!

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். விண்ணிலிருந்து வீழ்ந்து அரிசோனாவில் சிதறிய எரிகல்லில், அறுகோணப் படிகமாய் அமைந்த அபூர்வ வைரம் ஒன்றைக் கண்டார்கள். அதற்கு அம்மையாரின் பெயரையே இட்டு லான்ஸ்டேலைட் என்றார்கள். வானத்து வைரத்திலும் ஆறு! முருகா, அங்கேயும் ஆறு! சரணம், சரணம், உன் சரணாரவிந்தமே சரணம்!