கடிபட்ட பூனையும் கடித்த நாயும்

ஒரு மனிதன் இன்னொருவனை அடித்துக் காயப்படுத்தினால் நம் முன்னே இரண்டு கடமைகள் வந்து நிற்கின்றன. அடிபட்டவனுக்கு மருந்திடுவது ஒன்று. அடித்தவனிடம் கணக்குக் கேட்பது மற்றொன்று. முதலாவதை வைத்தியசாலையிடமும் இரண்டாவதை நீதிமன்றத்திடமும் ஒப்படைத்துவிட்டு நாம் வீடு திரும்புகிறோம். ஆனால் ஒரு விலங்கை இன்னொரு விலங்கு கடித்துக் குதறிவிட்டால்? அங்கே குற்றம் என்ற ஒன்று உண்டா? குற்றமே இல்லையென்றால் கடமை மட்டும் எங்கிருந்து வரும்? நாயின் வாயிலிருந்து தப்பிய வீட்டுப் பூனையொன்று வாசற்படியில் வந்து விழும்போது எழுகின்ற கேள்வி இது. தத்துவ நூல்களில் இதற்கு அதிக இடம் கிடைத்ததில்லை. லயத்திலும் கடைத்தெருவிலும் அது நித்தம் எழுகிறது.

நமது தீவிலே இக்கேள்விக்கு வயது அதிகம். மகாவம்சம் எல்லாளனைப் பற்றிச் சொல்லும் கதைகளுள், கன்றை இழந்த பசு மணியடித்த கதையை எல்லோரும் அறிவர். தமிழகத்தில் அது மனுநீதிச் சோழன் கதையாக வழங்குகிறது. அதற்கு அடுத்த கதையை நினைவுகூர்வோர் குறைவு. பனைமரத்திலிருந்த குஞ்சொன்றைப் பாம்பு விழுங்கிவிட்டது. தாய்ப்பறவை வந்து மணியை அடித்தது. மன்னன் பாம்பைப் பிடித்து வரச்செய்து, அதன் வயிற்றைக் கீறிக் குஞ்சை வெளியே எடுப்பித்து, பாம்பை மரத்திலே தொங்கவிட்டான். அந்நிய சமயத்தவனென்று தான் கருதிய மன்னனின் நீதியை இவ்வாறு வியந்து எழுதிய பௌத்த ஆசிரியரின் நேர்மையைப் போற்றத்தான் வேண்டும். ஆயினும் அந்த நீதி எனக்குச் சம்மதமன்று. கன்றின் வழக்கிலே தேரோட்டியவன் மனிதன், பார்த்து ஓட்டியிருக்கலாம். பாம்பு வேறென்ன செய்திருக்கலாம்? அரசனுடைய சட்டத்தை அதற்கு எவரும் கற்பித்ததுமில்லை. பசிக்கு வேறு வழியை எவரும் காட்டியதுமில்லை.

மகாவம்சத்தின் தொடர்ச்சியாகிய சூளவம்சத்தில் இன்னொரு பாம்பு வருகிறது. கி.பி. நான்காம் நூற்றாண்டில் ஆண்டவனாகச் சொல்லப்படும் புத்ததாச மன்னன் வைத்தியம் அறிந்தவன். யானைமீது போகும் வழியில், வயிற்றிலே கட்டியோடு புற்றின்மேல் கிடந்த நாகமொன்றைக் கண்டு இறங்கி, அதன் வயிற்றைக் கீறி நோயை நீக்கி மருந்திட்டான் என்பது கதை. யானைகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியர்களை நியமித்தவன் என்றும் அந்நூல் அவனைப் புகழ்கிறது. இரண்டும் கதைகள்தாம், சரித்திரமென்று சாதிக்க நான் வரவில்லை. ஆனால் பாருங்கள்: இரண்டு பாம்புகள், இரண்டு வயிறுகள், இரண்டு கத்திகள். ஒரு கத்தி தண்டிக்கிறது; மற்றது ஆற்றுகிறது. முதலாவது கத்தியால் பறவைக்குத் தன் குஞ்சு உயிரோடு கிடைத்ததா என்பதைக் கதை சொல்லவில்லை.

நம்மவர் சிபியை உடனே நினைவுபடுத்துவார்கள். சோழரின் முன்னோன் என்று தமிழ் மரபு கொண்டாடும் அவன், புறாவைத் துரத்திவந்த பருந்தைக் கொடியதென்று பழிக்கவில்லை. பருந்துக்கும் பசியுண்டு என்று ஒப்புக்கொண்டான். அந்த ஒப்புதல்தான் கதையின் உயிர் என்று நான் கருதுகிறேன். தொடைச்சதையை அரிந்து தராசிலிட்ட செய்தியைப் புலவர்கள் பெரிதுபடுத்திவிட்டார்கள். நம்மைப் போன்றவர்களிடம் எவரும் தொடைச்சதை கேட்பதில்லை. ஒரு சவர்க்காரக் கட்டியும் பஸ் கட்டணமுமே கேட்கப்படுகின்றன. அவற்றைக் கொடுப்பதில்தான் தகராறு.

2022 மே மாதத்தில், நான் கற்பிக்கும் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவனை விசாரித்தபோது, "சேர், எங்க பூனைய நாய் கடிச்சிருச்சு" என்றான். திகனைக்கு அப்பால் தோட்டத்து லயமொன்றில் இருப்பவன். மாலையில் அவனோடு சென்றேன். விறகுக் குவியலின் பின்னே இருட்டில் பூனை சுருண்டு கிடந்தது. காயப்பட்ட பூனை ஓலமிடாது; ஒளிந்துகொள்ளும். தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகவும் வாழ்ந்த இனம் கற்றுக்கொண்ட பாடம் அது. சத்தமில்லை, ஆகவே நோவில்லை என்று வீட்டார் எண்ணிவிட்டார்கள்.

வெளியே பார்த்தால் முதுகிலும் விலாவிலும் நான்கு சிறு துளைகள். நாய்க்கடியின் வஞ்சகம் அதுதான். கோரைப்பல் ஊசிபோல் ஆழமாக இறங்கி, வாயிலுள்ள கிருமிகளை உள்ளே விட்டு வெளியேறுகிறது. மேல்தோல் ஓரிரு நாளில் மூடிக்கொள்கிறது. உள்ளே சீழ் கட்டுகிறது. நாய் கவ்விப்பிடித்து உதறியிருந்தால் விலா எலும்பு முறிந்திருக்கலாம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள சவ்வே கிழிந்திருக்கலாம். மஞ்சள் பூசச் சொன்னார் ஒருவர். மண்ணெண்ணெய் என்றார் மற்றொருவர். பூனை தன் உடம்பை நக்கும் பிராணி. பூசியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். பையனின் தாயார், அன்பின் மிகுதியால், அரைப் பரசிற்றமோல் வில்லையைப் பாலிலே கரைத்து வைத்திருந்தார். மனிதனின் காய்ச்சலைத் தணிக்கும் அந்த மருந்தைப் பூனையின் ஈரலால் சரிவரக் கையாள முடியாது. ஒரு வில்லைக்கும் குறைவான அளவே அதைக் கொன்றுவிடப் போதும். அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்று வகுப்பறையில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்க்கு அன்று வேலையிருக்கவில்லை. பால் கிண்ணத்தை எடுத்துக் கொட்டினோம்.

மறுநாள் அட்டைப்பெட்டியொன்றில் பூனையை வைத்துக்கொண்டு, கண்டி வழியாகப் பேராதனைக்குப் போனோம். பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் அங்கேதான் இருக்கிறது. எரிபொருள் தட்டுப்பாட்டால் பஸ்கள் குறைந்திருந்த காலம். வைத்தியர் துளைகளைத் தைத்து மூடுவார் என்று பையன் எதிர்பார்த்தான். அவரோ மூடியிருந்தவற்றைக் கீறித் திறந்து, கழுவி, சீழ் வடிய வழிவிட்டு வைத்தார். கடிகாயத்தை அவசரப்பட்டு மூடக்கூடாதாம். செலவு, தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குக் கிடைக்கும் சம்பளத்தைத் தாண்டியது. அந்தச் சம்பளத்தை 1000 ரூபாயாக்கிய வர்த்தமானி அறிவித்தல் 2021 இல்தான், அதுவும் நெடிய போராட்டத்தின் பின், வெளிவந்தது என்பதை வாசகர் அறிவர்.

இதைக் கேட்ட சக ஆசிரியர் ஒருவர் கோபித்துக்கொண்டார். அவர் நல்ல மனிதர், தொழிற்சங்கத்துக்காக உழைப்பவர். அதே பேராதனையிலே, அந்த ஆண்டு மார்ச் மாத இறுதியில், மருந்தில்லாத காரணத்தால் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. மனிதன் வெட்டப்படக் காத்திருக்கையில் பூனைக்கு வெட்டு வைத்தியமா என்று கேட்டார். விலங்கன்பு வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்பது அவருடைய கட்சி.

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிடக்கூடாது. கொழும்பிலே இறக்குமதி நாய்க்கு இறக்குமதி உணவு ஊட்டிக்கொண்டு, வீட்டு வேலைக்காரச் சிறுமிக்கு மீந்த சோறு போடும் வீடுகளை நாம் அறியாதவர்களல்லர். பையனின் தாயார் பிள்ளைகளின் அரிசிப் பணத்தை எடுத்துத்தான் அந்தப் பூனையைக் காக்க வேண்டியிருந்தால், வேண்டாம் என்றே நான் சொல்லியிருப்பேன். செலவை நான்கைந்து பேர் பகிர்ந்துகொண்டோம் என்பதனால் அந்த முடிவு எனக்கு நேரவில்லை. ஆனால் நண்பரின் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. மனிதருக்கான மருந்து எங்கே போயிற்று? பூனையா குடித்தது? வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக 2022 ஏப்ரல் 12 அன்று அரசாங்கம் அறிவித்தது. அந்நியச் செலாவணி வற்றியதனால் மருந்துக் கப்பல் வரவில்லை. அந்தக் கஜானாவைக் காலிசெய்தவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வியை, அட்டைப்பெட்டியைக் கையிலேந்திய ஒரு சிறுவனிடம் கேட்பது நியாயமாகாது. கேட்பதற்கு எளிதான ஆளிடம் கேட்டுவிட்டோம், அவ்வளவே.

றோசா லுக்சம்பேர்க் 1917 டிசம்பரில் பிரெஸ்லாவ் சிறையிலிருந்து சோபி லீப்னெக்ட்டுக்கு எழுதிய கடிதத்தை நண்பருக்கு நினைவூட்டினேன். ருமேனியாவிலிருந்து போர்க்கொள்ளையாகக் கொண்டுவரப்பட்ட எருமைகள், இரத்தக்கறை படிந்த படைவீரர் உடுப்புகளை ஏற்றிய வண்டியைச் சிறை முற்றத்துக்குள் இழுக்க முடியாமல் நின்றன. வண்டியோட்டிய சிப்பாய் சவுக்கின் அடிக்கட்டையால் தோல் கிழிய அடித்தான். இரக்கமில்லையா என்று சிறைக்காவலரொருவர் கேட்டபோது, எங்களுக்கு மட்டும் யார் இரங்குகிறார்கள் என்ற கருத்தில் பதில் சொல்லிவிட்டு இன்னும் கடுமையாக அடித்தான். அந்தச் சிப்பாயின் பதில்தான் நண்பரின் வாதமும். அதில் ஒரு நியாயமான முறைப்பாடு இருக்கிறது. உண்மையிலேயே அவனுக்கு எவரும் இரங்கவில்லை. ஆனால் அந்த முறைப்பாட்டை எருமையின் முதுகில் எழுதியதனால் அவனுடைய துயரம் இம்மியளவும் குறையவில்லை. புரட்சிக்காரியான றோசா அந்த விலங்குக்காக அழுதார். ஐரோப்பாவெங்கும் மனிதர் மடிந்துகொண்டிருந்த வேளையில், அந்தக் கண்ணீரை மனிதரிடமிருந்து களவாடியதாக அவர் எண்ணவில்லை. பேர்ளினில் அவர் மிமி என்ற பூனையை வளர்த்தவர். அவரைக் காண வந்த லெனின் அதை வெகுவாகப் பாராட்டினார் என்பது உபரிச் செய்தி. நண்பர் இதைக் கேட்டு முதன்முறையாகச் சிரித்தார்.

ஜெர்மானியத் தத்துவாசிரியர் கான்ற், விலங்கிடம் கொடுமை செய்பவனின் மனம் மனிதரிடத்தும் கடினப்பட்டுவிடும், ஆகவே விலங்கை வதைக்காதே என்று போதித்தார். நல்ல அறிவுரைதான். ஆனால் அவ்வாறாயின் பூனை நமது ஒழுக்கத்துக்குரிய பயிற்சிக் கொப்பியாகிவிடுகிறது. விறகின் பின்னே நடுங்கிக்கொண்டிருந்த அந்த உடம்பு கொப்பியன்று. நோவு அதனுடையது. கடமைக்குக் காரணம் தேடி நமது மனத்துக்குள் இறங்கவேண்டியதில்லை. சரித்திரத்தைப் பார்த்தாலே போதும். மனிதன் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கினான், எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய மனிதப் புதைகுழியொன்றின் அருகே பூனையொன்றையும் புதைத்திருக்கிறார்கள். அன்று தொட்டு நம் களஞ்சியத்தைக் காத்துவந்த இனத்துக்கு நாம் கொடுப்பது பிச்சையல்ல, கூலிப் பாக்கி.

அப்படியானால் நாய்? அதுவும் நம்மால் ஆக்கப்பட்டதே. காட்டு ஓநாயின் வழிவந்ததைக் காவலுக்கும் வேட்டைக்கும் பழக்கி, பின்னர் குட்டிகளைப் பெட்டியோடு சந்தி மூலையில் விட்டுவிட்டு வந்தவர்கள் யார்? விக்ரோறியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போன 1980களில் குடும்பங்கள் பெயர்ந்தன. அத்தகைய இடப்பெயர்வுகளில் வீட்டுக்கு வீடு கட்டிக்கொடுப்பார்கள், நாய்க்குக் கணக்கில்லை. கடைத்தெருக் குப்பையை நம்பி வாழும் விலங்கு, பூனையைக் கண்டதும் பாய்கிறது. அதை இயற்கை என்கிறோம். பாதி இயற்கை; மறுபாதி நாம்.

லயத்து மக்கள் நாயை அடித்துக்கொல்லவேண்டும் என்றார்கள். இறைச்சியில் நஞ்சு வைத்தால் அந்தத் தெருவில் ஒரு நாயும் மிஞ்சாது என்றார் ஒருவர். அந்த 'ஒரு நாயும்' என்ற சொல்லைக் கேட்டபோது எனக்கு வேறொரு நினைவு வந்தது. 2018 பெப்ரவரி 22 அன்று தெல்தெனியப் பகுதியில் சிங்கள லொறிச் சாரதியொருவரை முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கினர். மார்ச் 3 அன்று அவர் இறந்தார். தாக்கியவர்களை விசாரிக்கப் பொலிசும் நீதிமன்றமும் இருந்தன. ஆனால் மார்ச் 5 அன்று திகனயில் கூட்டம் திரண்டு, அந்தத் தாக்குதலோடு யாதொரு தொடர்புமற்ற முஸ்லிம் மக்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசலையும் எரித்தது. எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் மாண்டார். மறுநாள் நாடெங்கும் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. மனிதரை விலங்கோடு ஒப்பிட நான் வரவில்லை. மனிதனுக்குப் பொறுப்புண்டு, நாய்க்கு இல்லை, அதுவே பெரிய வேறுபாடு. நான் சொல்வது காயத்தைக் கண்டவுடன் நமக்குள் எழும்பும் அந்த வேகத்தைப் பற்றியே. இறந்த சாரதியின் குடும்பத்துக்கு ஆறுதல் சொல்லப் போனவர்களைவிட, தீப்பந்தம் எடுத்தவர்களே அன்று அதிகமாகக் கண்ணில் பட்டார்கள்.

நஞ்சு வைக்கும் பேச்சை நிறுத்தியது என்னுடைய தர்க்கமன்று, வைத்தியரின் கேள்வி. பூனையைப் பார்த்து முடித்ததும் அவர், "கடித்த நாய் உயிரோடிருக்கிறதா?" என்று கேட்டார். விசர் பிடித்த நாயானால் சில நாட்களில் நோய் வெளிப்பட்டுச் செத்துவிடும். இரண்டு வாரம் சுகமாக இருந்துவிட்டால் கடிக்கும்போது அதன் உமிழ்நீரில் விசர் இருக்கவில்லை என்று கொள்ளலாம். நாயைக் கொன்றுவிட்டால் அறிந்துகொள்ள வழியேயில்லாமல் போகும். பையனின் கையிலே, பூனையைத் தூக்கியபோது பட்ட நகக்கீறல்களும் இருந்தன. பதினைந்து நிமிடம் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவச்சொல்லி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்பினார். அங்கே தடுப்பூசி இலவசம். 1973 இல் இலங்கையில் விசர்நோயால் இறந்தவர்கள் 377 பேர். இன்று அது ஆண்டுக்குச் சில பத்துப் பேர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. மனிதருக்கு இலவசமாக ஏற்றப்பட்ட ஊசியும், நாய்களுக்கு ஊர் ஊராகச் சென்று ஏற்றப்பட்ட ஊசியும் அதில் பெரும்பங்கு வகித்தன. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் 2006 இல் கைவிடப்பட்ட பின்னரும் அந்த எண்ணிக்கை பழைய நிலைக்கு ஏறவில்லை.

ஆகவே அந்த நாயைக் காக்கவேண்டியதாயிற்று. லயத்தார் முணுமுணுத்தார்கள். பையன்தான் பொறுப்பேற்றான். காலையில் பூனைக்கு மருந்து. மாலையில், எட்டடி தள்ளி நின்று, நாய்க்குத் தேங்காய்ப்பூவும் கருவாட்டுத் தலையும் பிசைந்த சோறு. நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கோடு கிழித்து, தின்றதா, தண்ணீர் குடித்ததா, வழக்கம்போல் குரைத்ததா என்று குறித்துவந்தான். பதினைந்தாம் நாள் அந்தத் தாளைப் பாடசாலைக்குக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தான். பூனையின் பின்னங்காலொன்று இன்னும் சரியாக ஊன்றவில்லையென்றும், நாய் இப்போது தன்னைக் கண்டால் வாலாட்டுகிறதென்றும், அடுத்த முறை ஊசிபோட வருவது எப்போது என்று விசாரித்துச் சொல்லவேண்டுமென்றும் சொன்னான்.